ஜன்னலருகே நின்ற அத்தை: எல்லைப்புற ஓவியர் ஒருவரின் மூன்று படங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கும் இளம் ஓவியர் ஒருவர், ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், தம் அத்தையை மாதிரியாக வைத்து மூன்று எண்ணெய் வண்ணப் படங்கள் வரைந்தார். மூன்றிலும் அதே பெண், அதே வீடு, ஏறத்தாழ அதே முதுகு. முதல் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், அத்தையைத் தவிர. இரண்டாவது அத்தைக்குப் பிடித்தது, ஓவியருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதைப் பற்றி இருவருமே அதிகம் பேசவில்லை. உணர்ச்சிக்கும் தனிமனித மனத்துக்கும் இயற்கைக்கும் முதலிடம் தந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப்போக்கான ரொமான்டிசிசம் இன்றைய பெண் உருவ ஓவியத்துக்குள் எந்த வழியாக வந்து சேர்கிறது, வந்தபின் அதில் எது தங்குகிறது, எது கழிகிறது என்பதை இந்த மூன்று படங்களையும் வைத்துக்கொண்டு பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஓவியர் தம் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அத்தைக்கு அதில் அக்கறை எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் பெயரையும் விட்டிருக்கிறேன். நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓவியர் அந்தப் பள்ளியில் என்னிடம் படித்தவர் என்பதால் முற்றிலும் விலகி நின்று பார்க்கும் ஆய்வாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. பிறகு சென்னையில் நான்காண்டு ஓவியம் பயின்று ஊர் திரும்பிய அவர் இன்றும் என்னை மாஷ் என்றே அழைக்கிறார். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் வீடுகளிலும் பள்ளிக்கூட வாத்தியார் மாஷ்தான்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் படங்களின் வெளிச்சமும் கடைசிப் படத்தின் மேற்பரப்பும் இந்த இடத்தால் ஆனவை. தெற்கே நெல்லியாம்பதி மலைகளும் வடக்கே வடமலைத் தொடரும் நிற்க, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அதன் வழியாகப் பாயும் காற்று, கேரளத்தின் மற்ற பகுதிகளை நனைக்கும் மழையில் சொற்பத்தையே எங்களுக்கு விட்டுச் செல்கிறது; புழுதியை மட்டும் தாராளமாகத் தருகிறது. பனையும் தென்னையும் வேர்க்கடலையும் கறவை மாடுகளுமாக, பார்வைக்குப் பொள்ளாச்சியின் தொடர்ச்சி போலவே இருக்கும் நிலம் இது. பேச்சும் கொங்குத் தமிழ்தான், அரசு அலுவலகம் சார்ந்த சொற்கள் மட்டும் மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள்; அதே வேலைக்கு இந்தப் பக்கம் தொழிலுறப்பு என்று பெயர். அத்தையும் போகிறவர்.

முதல் படம்

மூன்றடி அகலம், நான்கடி உயரம். ஓட்டு வீட்டின் உள்ளறை. சுவரும் தரையும் பழுப்பிலும் கரும்பச்சையிலும் ஆழ்ந்து கிடக்கின்றன. நடுவிலிருந்து சற்றே இடம் தள்ளி ஒரு ஜன்னல். அதன் கீழ்க் கதவுகளில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. மேல்பாதியில் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் மாலை வானம். அந்தத் திறப்பின் முன்னால், நமக்கு முதுகு காட்டி, உடலை லேசாக ஒரு பக்கம் சாய்த்து நிற்கிறார் அத்தை. கைகள் தெரியவில்லை. கொண்டைக்குக் கீழே கழுத்தின் பின்புறத்தில் ஒரு கீற்று வெளிச்சம். வெளியே ஒற்றைப் பனையின் அடிமரம். படத்தில் வேறு எதுவும் இல்லை.

இந்தப் படத்தை அவர் வீட்டில் முதன்முதலாகப் பார்த்தபோது, முன்பே எங்கோ பார்த்திருக்கிறோம் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய படத்தொகுப்பு ஒன்றைப் புரட்டியதும் விடை கிடைத்தது. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீடரிக் 1822இல் வரைந்த ‘ஜன்னலருகே பெண்’, இன்று பெர்லினில் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது. 44 சென்டிமீட்டர் உயரம், 37 சென்டிமீட்டர் அகலம் மட்டுமே உள்ள சின்னப் படம். டிரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றங்கரையில் இருந்த ஓவியரின் வேலை அறையில், அவர் மனைவி கரோலினே முதுகு காட்டி நிற்கிறார். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. அதன் வழியாக எதிர்க்கரை மரங்களின் பசுமையும், அருகில் நிற்கும் படகின் பாய்மரமும் தெரிகின்றன. எங்கள் ஊர்ப் படத்தில் அந்தப் பாய்மரத்தின் இடத்தில் பனைமரம் இருக்கிறது.

கேட்டேன். “இல்லை மாஷ், அத்தை வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் வரைந்தேன்” என்றார் ஓவியர். அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சிறு சான்று அவருக்கு எதிராக இருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கதவுகள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் காற்று மட்டும் வரட்டும் என்று கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல்கதவுகளைத் திறந்துவைப்பதே வழக்கம். அத்தை வீட்டிலும் அப்படித்தான். படத்தில் அது தலைகீழாக இருக்கிறது. அத்தை வீட்டு மேல்கதவில் கண்ணாடியும் கிடையாது, முழுக்கப் பலகைதான். எல்லாவற்றையும்விட வேடிக்கை, படம் வரையப்பட்ட ஆடி மாதத்தில், ஈர வண்ணத்தில் புழுதி ஒட்டிவிடும் என்று அந்த ஜன்னல் நாள் முழுவதும் அடைத்தே கிடந்தது. திறந்த ஜன்னலை அவர் அடைத்த ஜன்னலுக்கு முன்னால் அமர்ந்து வரைந்திருக்கிறார். கண்ணுக்கு முன்னால் இல்லாத இடத்தை நிரப்ப, கல்லூரியில் எப்போதோ திரையில் பார்த்த ஒரு படம் அவருடைய கைக்கு உதவியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

தாக்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். எவரும் ரொமான்டிக் பாணியில் வரைவோம் என்று உட்காருவதில்லை. உணர்ச்சியுள்ள பெண்ணை வரைய வேண்டும் என்று நினைத்தால் போதும், ஜன்னலும் அந்திப் பொழுதும் திரும்பிய முதுகும் தாமாக வந்து நின்றுவிடுகின்றன.

அந்த மரபு பெண்ணுக்குக் கொடுத்தது என்ன என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய ஐரோப்பிய ஓவியத்தில் பெண் பெரும்பாலும் தேவதை, புனிதை, அரசி, அல்லது யாரோ ஒருவரின் மனைவி. பிரீடரிக்கின் படத்தில் நிற்பவள் தன் மனத்துக்குள் இருக்கும் ஒருத்தி. அவள் என்ன நினைக்கிறாள் என்பது ஓவியருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. முகம் மறைந்திருப்பதால் அவளை ரசிக்கும் வசதியும் நமக்கு இல்லை. அழகி என்று சொல்லக்கூட அந்தப் படம் இடம் கொடுப்பதில்லை.

அதே மரபு எடுத்துக்கொண்டதும் உண்டு. அதைப் பார்க்கப் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவிடம் போக வேண்டும். 1832இல் மொராக்கோவுக்குப் போய்த் திரும்பும் வழியில் சில நாள்கள் அல்ஜியர்ஸில் தங்கிய அவர், அங்கே ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் நுழையும் வாய்ப்புப் பெற்றார். அதிலிருந்து 1834இல் வரைந்ததே ‘தங்கள் அறையில் அல்ஜியர்ஸ் பெண்கள்’, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரெஞ்சு ரொமான்டிக் ஓவியத்தின் உச்சங்களில் ஒன்றாக எண்ணப்படும் அந்தப் படத்தில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். மூவர் கம்பளத்தின்மேல், ஹூக்காவின் அருகே, பட்டும் நகையுமாகச் சும்மா சாய்ந்தும் அமர்ந்தும் இருக்கிறார்கள். நான்காமவள் கறுப்பினப் பணிப்பெண். அவள் மட்டும் நிற்கிறாள். முதுகை நமக்குக் காட்டி, தலையை மட்டும் அமர்ந்திருப்பவர்கள் பக்கம் திருப்பியபடி, படத்தைவிட்டு வெளியேறப்போகிறவள் போல் தெரிகிறாள். வேலை செய்கிற ஒரே பெண், படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டாள். பிக்காசோ 1954–55இல் இந்தப் படத்தை வைத்து 15 ஓவியங்கள் வரைந்தபோது உருவங்களை உடைத்துச் சிதைத்தார் என்றாலும், இந்த ஓய்வும் சாய்வும் அவரிடமும் அப்படியே இருக்கின்றன.

ஆக, ரொமான்டிக் மரபு பெண்ணுக்கு ஒரு மனத்தைத் தந்துவிட்டு, அவள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டது. முதல் படத்தில் அத்தையின் கைகள் தெரியாததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

வந்த வழி

கல்லூரித் திரையில் பார்த்த ஒரே படம் இவ்வளவையும் செய்துவிடாது. அத்தையின் முன்னறையில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஒரு நாள்காட்டி தொங்குகிறது. அதில் நிலவு, ஏரி, அன்னம், தூரத்து நீல மலை, கரையில் பக்கவாட்டாகச் சாய்ந்து எங்கோ பார்க்கும் ஒரு பெண். ஓவியர் பிறந்ததிலிருந்து அந்தச் சுவரில் ஆண்டுதோறும் இதே வகைப் படம்தான் மாறி மாறி வந்திருக்கிறது. அந்தப் பெண் அந்தச் சுவருக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது; ஒரு வகையில் அவள் வெளிநாடு போய்த் திரும்பி வந்தவள்.

காளிதாசரின் சாகுந்தலத்தை 1789இல் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்த ஆங்கிலத்திலிருந்து கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதைப் படித்துவிட்டு ஜெர்மானியக் கவிஞர் கதே எழுதிய புகழ்ச்சிக் கவிதை பிரபலமானது. காட்டில் வளர்ந்த, மரஞ்செடிகளோடு பேசுகிற, காத்திருக்கிற, மறக்கப்படுகிற ஒரு பெண் ரொமான்டிசிசத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்திருப்பாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இசையமைப்பாளர் ஷூபர்ட் 1820இல் அவளைப் பற்றி ஓர் இசைநாடகம் தொடங்கி முடிக்காமல் விட்டார். 1858இல் பாரிஸில் அவள் கதை பாலே நடனமாக அரங்கேறியது. ஐரோப்பா தன் கனவுப் பெண்ணைக் கட்டியெழுப்பிய சரக்கில் ஒரு பங்கு இங்கிருந்து போனது.

திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா அவளைத் திரும்ப அழைத்து வந்தார். அவரை ரொமான்டிக் ஓவியர் என்று சொல்வது சரியாகாது. அவர் கற்றது ஐரோப்பியக் கல்விக்கூட பாணி. ஆனால் அவர் தூரிகை எடுத்த காலத்தில் அந்தப் பாணி ரொமான்டிசிசத்தின் ஏக்கத்தையும் அந்தி வெளிச்சத்தையும் தனக்குள் கரைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அரண்மனை ஓவியரான ராமசாமி நாயுடு அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், நாயுடுவின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக்கொடுத்தார் என்றும் அவர் வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். எல்லை கடந்து போன தமிழ்க் கைகள் இந்தக் கதைக்குள்ளும் இருப்பதைக் கவனிக்காமல் எங்களால் இருக்க முடியாது. 1873இல் சென்னைக் கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணுக்காக அவருக்குப் பரிசு கிடைத்தது. 1876இல் தாமரை இலையில் மடல் எழுதும் சகுந்தலையை வரைந்தார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு அதை வாங்கினார். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் நின்று துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை இன்னும் பிரபலம். அந்தப் படத்தை நான் மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் முள்ளைக் கவனிக்கச் சொல்வேன்: கால் உயர்த்திக் குனிவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அந்தக் காரணம் பொய் என்பது அவளுக்கும் தெரியும், தோழிகளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வேலை அங்கே ஒரு பாவனை.

1894இல் ரவிவர்மா பம்பாயில், படங்களைப் பெருமளவில் அச்சிடும் கல்லச்சுக்கூடம் தொடங்கிய பிறகு இந்தப் பெண்கள் வீட்டுச் சுவர்களுக்கு இறங்கினார்கள். அடுத்த கட்டம் நம் பக்கத்தில் நடந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டிக்கொண்டிருந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி அச்சகங்களுக்கு நாள்காட்டிப் படங்கள் வரையத் தொடங்கினார். நாடகத் திரையின் ஏரியும் மலையும் நிலவும் அப்படியே கடவுளருக்கும் காதலியருக்கும் பின்னால் போய் நின்றன. அத்தை வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தக் குடும்பத்தின் நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பேத்தி.

இங்கே ஒரு மறுப்பை நான் எதிர்பார்க்கிறேன், ஏனெனில் இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடனே எழுப்பியது அது: நிலத்தையும் பொழுதையும் கொண்டு மனத்தைச் சொல்வது நம் அகத்திணையில் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறதே, முல்லையில் காத்திருப்பும் நெய்தலில் இரங்கலும் நாம் அறியாததா, இதற்கு ஜெர்மனிக்கு ஏன் போக வேண்டும்? கேள்வி நியாயமானது. பனைமரமும் மாலைப்பொழுதும் தமிழ் வாசகருக்கு உடனே பொருள் தருவதற்கு அந்தப் பழக்கம் காரணம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அகத்தில் தலைவிக்குப் பெயர் கிடையாது. ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அங்கே மாலை எல்லோருக்குமான மாலை. கேட்பவருக்கு அதன் பொருள் முன்கூட்டியே தெரியும். ரொமான்டிக் ஓவியத்தில் நிற்பவள் கரோலினே என்ற ஒருத்தி, அவள் பார்க்கும் ஆறு அன்றைக்கு அந்த ஜன்னலிலிருந்து தெரிந்த ஆறு. எங்கள் ஓவியர் வரைய விரும்பியதும் பொதுவான ஒரு தலைவியை இல்லை, தன் அத்தையை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அத்தை சொன்னது

படம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அத்தை வந்து பார்த்தார். அன்று நானும் இருந்தேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து நான்கு மாடுகளைக் கறந்து, ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் ஊற்றி, தொழிலுறப்பு இருக்கும் நாளில் அதற்கும், இல்லாத நாளில் தேங்காய்க் களத்துக்கும் போகிறவர். விரல் நுனிகளில் மட்டைக் கறை. சீயக்காய் போட்டாலும் போகாத பழுப்பு. படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“இது ஆரு அம்முணி?”

“நீங்கதான் அத்தை.”

“என்ற முதுகாட்டத்தான் இருக்குது. ஆனா நான் எப்ப இப்படிச் சும்மா நின்னேன்? கையில ஒண்ணுமில்லாம நின்னா எனக்குக் கை நோகும்.” பிறகு, புண்படுத்திவிட்டோமோ என்று தோன்றியிருக்க வேண்டும், என் பக்கம் திரும்பி, “நல்லாத்தானுங்க இருக்குது சார், சேலை மட்டும் நெசமாலுமே என்ற சேலை” என்றார்.

ரொமான்டிக் பெண் உருவம் பற்றிப் பல ஆண்டுகளாக நான் வகுப்பில் சுற்றிச் சுற்றிச் சொல்லிவந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஏறத்தாழ அதே நேரத்தில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பக்கத்து நகரத்தில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு துணிக்கடை முன்கூடத்தில் மாட்ட அந்தப் படத்தைக் கேட்டது. நல்ல விலைதான். ஆனால் இரண்டு திருத்தங்கள் வேண்டும் என்றார்கள்: நைந்த நூல்சேலைக்குப் பதில் பொன்னிறக் கரை போட்ட கசவுச் சேலை, கழுத்து கொஞ்சம் வெளுப்பு. ஓவியர் மறுத்துவிட்டார். ஆனால் அன்று இரவு அவர் என்னிடம் கேட்ட கேள்வி முக்கியமானது: “அந்தத் திருத்தத்தைச் செய்தாலும் படம் கெட்டுப்போகாது மாஷ், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கசவுச் சேலைக்கும் இடம் கொடுக்கிற மாதிரித்தானே வரைந்திருக்கிறேன்?” உண்மை. அந்த ஜன்னலும் அந்த வெளிச்சமும் எந்தச் சேலையையும் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, மூன்றாவது

இரண்டாவது படத்தில் அதே ஜன்னல், இந்த முறை மேல்கதவு திறந்து. அத்தையின் வலது கையில் எவர்சில்வர் பால் கேன். கை நரம்பு புடைத்து, முழங்கை விரைத்து இருக்கிறது. பால்வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கிறார். வெளிச்சம் விடிகாலை நீலம். விரல் நுனிக் கறையை, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலம் துளி கலந்து, மூன்று நாள் இடைவெளி விட்டு மெல்லிய பூச்சுகளாகத் தீட்டியிருந்தார். அத்தை அந்த விரல்களைப் பார்த்துச் சிரித்தார். “இது நாந்தான்” என்றார்.

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை, ஓவியருக்கும். கேன் வந்தது, அத்தை எதை நினைக்கிறார் என்ற கேள்வி போய்விட்டது, வண்டியைத்தான் நினைக்கிறார். உழைக்கும் பெண்ணின் மாண்பைச் சொல்லும் அரசு விளம்பரப் பலகைக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்திருக்கும். ஓவியர் முதல் படத்தின் ஏக்கத்தைத் தூக்கி எறிந்தபோது, அந்த மரபு பெண்ணுக்குக் கொடுத்திருந்த ஒரே நல்லதையும், அதாவது பிறருக்குத் தெரியாத ஒரு மனம் அவளுக்கு உண்டு என்ற ஒப்புதலையும், சேர்த்து எறிந்துவிட்டார்.

இந்த இழுபறி அவருக்கு மட்டும் உரியது இல்லை. 2005இல் பிராங்க்ஃபர்ட்டின் ஷிர்ன் கலைக்கூடம், சமகால ஓவியத்தில் ரொமான்டிசிசம் திரும்பி வருவதைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது. நம் பக்கத்தில் கும்பகோணம் அருகே பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா, 2021 ஜூனில் கொரோனாவுக்குப் பலியாகும்வரை, ஓட்டு வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் கறுத்த தமிழ்ப் பெண்களை வரைந்து, வண்ணப் பத்திரிகை வழியாக லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனார். ரவிவர்மாவின் வெளுத்த நாயகியருக்கு நூறாண்டு கழித்து வந்த பதில் அது என்று சொல்லலாம். தோல் நிறத்தில் அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் வெளிச்சம் முழுக்க ரொமான்டிக் வெளிச்சம், அவர் பெண்களில் பலரும் ஏதோ ஒரு வேலையின் நடுவே சற்று நின்று யோசிக்கிறவர்கள். எங்கள் ஓவியர் அவரை மிகவும் மதிக்கிறார். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறார். மறுபுறம், கலைஞர் புஷ்பமாலா 2000–2004இல் ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து எடுத்த ஒளிப்படத் தொடரில் ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாகத் தாமே வேடமிட்டு அமர்ந்து, அந்தப் பாவனையின் தையல்களை வெளியே காட்டினார். கேலி ஒரு வழிதான். ஆனால் தன் அத்தையைக் கேலிக்கு உள்ளாக்காமல் அந்த வழியில் போக முடியாது என்றார் ஓவியர்.

அவருக்கு உதவியவர் வேறொருவர் என்று எனக்குத் தோன்றுகிறது: பொன்னானிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் கலைக் கல்லூரியில் படித்து, 1969இல் முப்பது வயது நிறையும் முன்பே பிரசவத்தில் இறந்துபோன ஓவியர் டி.கே. பத்மினி. அவர் படங்களில் நிலமும் பெண்ணும் ஒரே வண்ணக்கூழிலிருந்து பிறந்தவர்களாக இருப்பார்கள். பெண்ணுக்குப் பின்னால் காட்சியாக நிலம் நிற்காது. அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பல வாரம் சுவரில் ஒட்டி வைத்திருந்தார் எங்கள் ஓவியர்.

மூன்றாவது படத்தில் ஜன்னல் இல்லை. பால் ஊற்றிவிட்டு வந்த அத்தை, புறக்கடையில் துணி துவைக்கிற கல்லின்மேல், நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறார். கழுவிய கேன் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, மூடி வேறாக. ஒரு கை மடியில் இருக்கிறது, மறு கை காற்றில் பறக்கும் முந்தானையைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு அது போதுமான வேலை. எதிரே வேலியும், அதற்கப்பால் பனங்காடும், மங்கலாக நெல்லியாம்பதியும். அவர் மலையைப் பார்க்கிறாரா, வேலியில் சிக்கிய பிளாஸ்டிக் பையைப் பார்க்கிறாரா, எதையும் பார்க்காமல் இருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. முதுகு பிரீடரிக்கின் முதுகுதான். ஆனால் அது எதற்கோ காத்திருக்கும் முதுகாக எனக்குப் படவில்லை. அடுத்த வேலைக்கு எழுவதற்கு முன் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஐந்து நிமிடம்.

இந்தப் படத்தை அவர் அறைக்குள் வரையவில்லை. அடுத்த ஆண்டு ஆடியில், புறக்கடையில் ஓவியத் தாங்கியைத் தென்னை மரத்தோடு கயிற்றால் கட்டிவைத்து வரைந்தார். லின்சீட் என்ற ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே சில நாள்கள் ஆகும். அதற்குள் கணவாய்க் காற்று மணலை வாரி இறைத்துவிட்டது. முதல் சில நாள்கள் கத்தி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தால் வானத்தின் இடது பக்கம் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கிறது. ஓரிடத்தில் வேப்பம்பூவின் காம்பு ஒன்றும் சிக்கியிருக்கிறது.

முதல் படம் அவர் வீட்டில் சுவர் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இரண்டாவதைப் பால் சொசைட்டிக்காரர்கள் கேட்டு வாங்கி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாவதை அத்தை கேட்டார். முன்னறைச் சுவரில், வாசலுக்கு எதிரே, நாள்காட்டியைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டினார்கள். நான்கு நாள் இருந்தது. பால் கணக்கை அத்தை நாள்காட்டியின் தேதிக் கட்டங்களில்தான் பென்சிலால் எழுதுவார், காலை இத்தனை லிட்டர், மாலை இத்தனை என்று. அடுக்களையில் மாட்டியதில் இருட்டில் எழுத வரவில்லை. ஐந்தாம் நாள் ஏரிக்கரைப் பெண் தன் ஆணிக்குத் திரும்பினாள். அத்தையின் படம் பக்கச் சுவரில், நான்கு கதவு ஜன்னலுக்கு அருகே இருக்கிறது. மேல்கதவைத் திறந்தால் சாயங்காலம் கொஞ்ச நேரம் அதன்மேல் வெயில் விழும்.